செங்கோடனுக்கு வந்த கோடித்துணி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அழுவதற்குச் சொந்தத்தில் ஆள் பத்தவில்லை என்றுதான் செங்கோடனுக்குத் தோன்றியது. பெற்ற அப்பன் செத்தால் மூன்றாம் நாள் பால் ஊற்றிய கையோடு டிவி பெட்டியைத் திருகிவிடுகிறார்கள். பங்காளி செத்தால் மாலையைப் போட்டுவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் மெட்ராஸில் எவனோ ஒரு சினிமாக்காரன் செத்தால், அவன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்திராத பயல்கள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறார்கள். இதில் என்னவோ இருக்கிறது. சும்மா எவனும் அழமாட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் தன் தறிக்குடோனின் பின்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ராத்திரி யாரோ வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஐப்பசித் தூறலில் பசை ஊறி, தாள் பாதி வந்தது, பாதி வரவில்லை. போஸ்டரில் கண்ணாடி போட்ட ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. டைரக்டர் இளமுகிலன். பேரே பொய்ப் பேர். எந்த ஆத்தாள் அப்பன் பிள்ளைக்கு முகில் என்று பேர் வைப்பார்கள்? புதன்கிழமை மாரடைப்பில் போய்விட்டானாம். நாற்பத்தாறு வயசு. எடுத்தது ஒன்பது படம், ஒன்பதும் பதினேழு வயசுப் பிள்ளைகளைப் பற்றி. டியூசன் போகிற பிள்ளை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன், லெட்டர் எழுதிக் கிழித்துப் போடுகிற பிள்ளை. செங்கோடன் ஒன்று பார்த்திருக்கிறார். இடைவேளை வரைக்கும் அந்தப் பையன் ஒரு பேச்சுகூடப் பேசாமல் பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வந்ததா என்று பார்ப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

நாற்பத்தாறு வயசு ஆளுக்குப் பதினேழு வயசுக்காரர்களோடு என்ன பேச்சு? அதையும் அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார்.

குடோனுக்குள் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் முப்பது வருசம் நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டு வாசலில் டெம்போ வேன் வந்து நின்றதும், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கியதும் அவர் காதில் விழவில்லை. பொம்பளைகள் மாரடித்துக் கதறுகிற சத்தம்தான் தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

கையிலிருந்த சுரண்டுகட்டையோடு முன்பக்கம் ஓடினார். மனைவி பழனாத்தாளை இப்போதுதான் அடுப்படியில் பார்த்தார். மகன் தனபால் தறி சாமான் வாங்க நேற்றுக் கோயமுத்தூர் போனவன் இன்னும் வரவில்லை.

வாசலில் அவர் மச்சினன் பெண்டாட்டி பாவாத்தாள், அன்னூரிலிருந்து வந்தவள், மண்ணில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டிருந்தாள்.

"என்னப் பொறந்தவனாட்டம் பாத்த அண்ணாவே! சொல்லாமப் போயிட்டீங்களே! சோறு உங்காமப் போயிட்டீங்களே!"

"நான் உண்டு அரை மணி நேரமாச்சு," என்றார் செங்கோடன். "யாரு போயிட்டாங்க?"

பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது. அவளுக்குப் பின்னால் நின்ற நாலு பொம்பளைகள் அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைக் கடித்தார்கள். மச்சினன் லட்சுமணசாமி தாம்பாளத்தில் புது வேட்டி, துண்டு, சம்பங்கி மாலை எல்லாம் வைத்துக்கொண்டு வேனிலிருந்து கடைசியாக இறங்கினார். செங்கோடனைப் பார்த்ததும் தாம்பாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலை சேற்றில் விழுந்தது.

"மச்சான்! நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கறேன். உனக்கென்ன எடைஞ்சல்?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த பழனாத்தாள் ஒரு நிமிசம் புருசனைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா லட்சுமணா, உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா? தாலி அறுக்க வந்துபோட்டீங்களாடா ஒட்டுக்கா?"

"அக்கா, அக்கா, சித்தெ இரு. நம்ம கருப்புசாமி சொன்னானக்கா."

கருப்புசாமி அவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோயமுத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நேற்றுச் சாயங்காலம் அவன் பஸ்ஸில் தனபால் ஏறியிருக்கிறான். தலை மொட்டை. மீசையும் இல்லை.

செங்கோடனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொட்டை மட்டும் என்றால் பழனி. மொட்டையும் மீசையும் என்றால் அப்பன். இந்தப் பக்கத்தில் அப்பன் உயிரோடிருக்கிற எவனும் மீசையில் கத்தி படவிடமாட்டான்.

"ஒரு வார்த்தை கேக்கறதுக்கு அவனுக்கு வாயில்லையா?"

"எப்பிடீங்க கேக்கறது? துக்கத்துல இருக்கறவன நிறுத்தி யாரு செத்தாங்கன்னு கேக்க முடியுமுங்களா? மரியாதையா இருக்குமுங்களா? தோளத் தொட்டானாமா. நம்ம தனபாலு கண்ணுல தண்ணி வுட்டானாமா. அப்பறம் இன்னொன்னு கேக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? டிக்கெட்டு கூடக் கிழிக்காம வுட்டுட்டு, நேரா எங்கூட்டுக்கு வந்துபோட்டான்."

"செத்தவன் பையனுக்கு டிக்கெட்டு வேற ஓசியா," என்றார் செங்கோடன்.

"செத்தான்னு சொன்னா ஆயுசு கெட்டிங்கண்ணா," என்று பாவாத்தாள் கொண்டையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னிம் முப்பது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"உன்ற ஒப்பாரி நல்லாத்தான் இருந்துச்சு. முச்சூடும் கேட்டிருக்கலாம்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பழனாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்னூருக்குப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். மூன்று வருசமாகத் தேடி, நாலு இடம் தட்டிப்போய், லட்சுமணசாமி பேசி முடித்துக் கொண்டுவந்த இடம். தனபாலுக்கு இருபத்தெட்டு முடிகிறது. இனிப்பு ஒப்புட்டுக்குக் கடலைப்பருப்பு ஊறப்போட்டாகிவிட்டது. இப்போது அன்னூர் முச்சூடும் மாப்பிள்ளையின் அப்பன் செத்துவிட்டான் என்று தெரிந்திருக்கும். சாகவில்லை என்று தெரிந்தால் இன்னும் மோசம். அப்பன் இருக்கிறபோதே மீசை எடுத்தவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

"எழவு ஊடுன்னு நெனச்சு ஒருத்தரும் உங்காம வந்திருப்பீங்க," என்று பழனாத்தாள் முந்தானையைச் செருகினாள். "உள்ள வாங்க. அரிசீம்பருப்புச் சோறு போடறேன்."

எழவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று வந்தவர்கள், வரிசையாக உட்கார்ந்து நெய் விட்டுச் சாப்பிட்டார்கள். சேற்றில் விழுந்த மாலையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. அதை யாரும் விரட்டவில்லை.

அவர்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது தனபால் வந்தான். தோளில் தறி சாமான் மூட்டை. தூறலில் மொட்டை மினுமினுத்தது. மீசை இருந்த இடம் மட்டும் தோல் வெளுத்து, வேறு யாருடைய உதட்டையோ ஒட்டவைத்ததுபோல் இருந்தது. பாவாத்தாள் அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் "ஏஞ்சாமீ..." என்று இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

செங்கோடன் குடோனுக்குள் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். பன்னிரண்டு தறியும் நின்றன. தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லு," என்றார்.

"நேத்து டைரக்டருக்காகத் தியேட்டர் முன்னால எல்லாரும் மொட்டை எடுத்தாங்கப்பா. பதினாலு பேருங்க. நானும்..."

"மொட்டையச் சொல்லல. மீசை."

தனபால் மூட்டையை இறக்கி வைத்தான். "தலைய மட்டுந்தானுங்க எடுக்கச் சொன்னேன். சலூன்காரரு மறந்தாப்புல அதையும் எடுத்துபோட்டாருங்க."

"மறந்தாப்புல."

"ஆமாங்க."

"நாஞ் சாகோணும்னு வேண்டிக்கிட்டு எடுத்தியா?"

"ஐயோ, இல்லீங்கப்பா."

"அப்ப நாளைக்கு வாரவங்களத் தாட்டி வுடறதுக்கு எடுத்தியா? வேற எங்கியோ ஒரு பொம்பளப்புள்ள இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லீரு. சினிமாக்காரன் பொணத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்காத."

தனபால் அம்மாவைப் பார்த்தான். "அப்பிடி ஒண்ணும் இல்லீங்க."

செங்கோடன் நம்பவில்லை. கத்தி மேலுதட்டுக்கு வந்தால் பச்சைக்குழந்தைகூடத் தலையைத் திருப்பும். இருபத்தெட்டு வயசுக்காரன் மறந்தாப்போல உட்கார்ந்திருந்தானாம். மொட்டைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது. நிச்சயம் இருக்கிறது.

லட்சுமணசாமி செருப்பை மாட்டினார். "மச்சான், அடுத்தவங்க போய் ஒண்ணுக்கு ரண்டாச் சொல்றதுக்குள்ள நானே பொண்ணூட்டுக்குப் போய் நடந்ததச் சொல்லிப்போட்டு வாரேன். ஒத்துக்கிட்டாச் சரி. இல்லீன்னா நம்ம விதி."

"கோடிய என்னுங்க பண்றது?" என்றாள் பாவாத்தாள்.

எல்லோரும் தாம்பாளத்தைப் பார்த்தார்கள். பிணத்துக்குப் போர்த்த என்று எடுத்த புதுத்துணி. எடுத்த வீட்டுக்கு அது திரும்பக் கூடாது. திரும்பினால் அங்கே ஒரு ஆளைத் தேடும். வந்த வீட்டிலும் வைக்க முடியாது. வைத்தால் இங்கே தேடும். கிழித்துப் போடவும் கூடாது, தானம் கொடுக்கவும் கூடாது. கோடி என்றால் ஒரு செத்தவனுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

செங்கோடன் வேட்டியை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். எண்பதாம் நம்பர் சன்ன நூல். கரை நன்றாக ஓடியிருந்தது. நான் உயிரோடிருந்தபோது மச்சினன் இவ்வளவு நல்ல வேட்டி எடுத்துக் கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"செத்தவன் ஒருத்தன் இருக்கறானல்ல," என்றார். "இவன் மீசை குடுத்தான். நான் வேட்டி குடுத்துபோட்டு வாரேன். எங்கடா அவனுக்கு அஞ்சலிக் கூட்டம்?"

"பொழுதோட நாலு மணிக்குங்க. அதே தியேட்டர் முன்னால. நீங்க எதுக்குங்கப்பா, நான் கொண்டுபோய்..."

"நீ கொண்டுபோய் எங்க போடுவியோ. நானே வாரேன்."

கோடி ஒரு சாக்கு. அந்தப் பிள்ளை யார் என்று பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். மடியில் மஞ்சள் பைக்குள் கோடி. ஏறியவர்கள் தனபாலைப் பார்த்து, பக்கத்திலிருந்த கிழவரைப் பார்த்து, சித்தப்பாவாக இருக்கும் என்று பரிதாபமாக இடம் ஒதுக்கினார்கள். கருமத்தம்பட்டி தாண்டியதும் செங்கோடன் மகன் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருசமா இந்தக் கூத்து?"

"பதினோரு வருசமாச்சுங்க."

பதினோரு வருசம் என்றால் அவனுக்குப் பதினேழு. அந்த வருசம் இரண்டு தறிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தவனைப் பாதியில் கூட்டிவந்து தறியில் நிறுத்தினார். வேறு வழியில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

தியேட்டர் வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு இளமுகிலன் படம். இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள், மில் யூனிபாரத்தோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பொம்பளை, பேங்க் ஆபீசர் மாதிரி ஒருத்தர். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எவனும் எவனைப் பார்த்தும் அழவில்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. எழவு வீட்டில் பார்க்க ஆளிருந்தால்தானே அழுகை கூடும்?

"அண்ணே! செங்கோடண்ணே! நீங்களா?" அப்துல் குத்தூஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தள்ளி அவருக்குத் தறி சாமான் கடை. முப்பது வருசப் பழக்கம். ஊர் உலகத்தில் செங்கோடன் பாதியாவது நம்புகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

"நீ எங்க பாய் இங்க? கடையச் சாத்திப்போட்டா?"

"நம்ம பையன் இல்யாஸ்தான்ணே இந்த ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். மூணு நாளா வீட்டுல சோறும் இல்ல, பேச்சும் இல்ல. நேத்து உங்க தனபால் பிந்திப்போய் நம்ம வீட்லதான் படுத்தான். ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதானுங்க. எங்க வீட்டம்மா சாஜிதா பயந்துபோயி டீ போட்டுப் போட்டுக் குடுத்தா."

"ரண்டு பேருமா? வேற யாரும் இல்லியா?"

"வேற யாருண்ணே?"

செங்கோடன் அவரை விட்டு நகர்ந்தார். காலேஜ் பிள்ளைகள் பக்கம் போய் நின்றார். எந்தப் பிள்ளையாவது தனபாலைப் பார்க்கிறதா என்று பார்த்தார். ஒருத்தி அவனிடம் போய் என்னவோ கேட்டாள். செங்கோடன் கழுத்தை நீட்டினார். குண்டூசி. அவள் குண்டூசி கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தான். அவள் திரும்பிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிக்காரியாக இருந்தால் பார்க்காமல்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டார்.

மொட்டைத் தலைகளைத் தேடித் தேடிப் போனார். முதல் ஆளுக்கு மீசை இருந்தது.

"ஏங்கண்ணு, உங்கப்பன் இருக்கறாரா?"

"இருக்கறாருங்க. மில்லுல ஷிப்டுங்க."

இரண்டாவது ஆளுக்கும் மீசை. அப்பன் இருக்கிறார். மூன்றாவது ஆளுக்கு இல்லை.

"நான் மூணாவது படிக்கையிலயே போயிட்டாருங்க. ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ஏழு பேரைப் பார்த்தார். அப்பன் இருந்தவனுக்கெல்லாம் மீசை இருந்தது. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சலூன்காரரிடம் போனார். இன்றைக்கும் இரண்டு பேருக்கு எடுத்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மறந்தாப்புல மீசைய எடுத்துபோடறதும் உண்டுங்களா?"

சலூன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருங்க சொன்னது? முப்பது வருசமாக் கத்தி புடிக்கறேன். அப்பா இருக்கறாருங்களான்னு ஒருவார்த்தை கேக்காம ஒருத்தர் மீசையத் தொட்டதில்லீங்க. தொட்டா இந்தக் கை வெளங்குமுங்களா?"

"நேத்து ஒரு பையன். நல்ல நெறமா இருப்பான். எடது காதுல மச்சம்."

சலூன்காரர் யோசித்தார். "அவருங்களா... கேட்டேனுங்க. சித்தெ நேரம் ஒண்ணும் பேசல. மறுபடியும் கேட்டேன். அப்பவும் பேசல. கண்ணுல தண்ணி வந்துச்சு. எடுங்கன்னு தலைய மட்டும் ஆட்டுனாரு. பாவம், அப்பா புதுசாப் போயிருப்பாரு போலிருக்குது."

"ஆமா. புதுசுதான்," என்றார் செங்கோடன்.

கூட்டத்துக்குத் திரும்பி நடந்தார். அப்பன் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்காக எடுத்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். இதற்கு என்ன திட்டுவது?

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பலகை வைத்து அதில் கார்டுகளைக் குத்தியிருந்தார்கள். எல்லாம் பதினைந்து காசுத் தபால் கார்டு. ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள். குத்தூஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இதப் பாத்தீங்களாண்ணே? இந்த மனுசன் ரசிகருங்க எழுதுன கடுதாசிக்கெல்லாம் தன் கையாலயே பதில் போட்டிருக்காரு. எங்க இல்யாஸுக்கு நாலு. உங்க தனபாலுக்குப் பதினொண்ணு. வருசத்துக்கு ஒண்ணு."

செங்கோடனுக்குப் பஸ் போர்டு படிக்க வரும். கையால் சேர்த்து எழுதியது படிக்க வராது. "படி," என்றார். "தனபாலோட மொதக் கார்டப் படி. மெதுவாப் படி, கத்திப் படி."

குத்தூஸ் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, அவர் காதுப் பக்கம் குனிந்து படித்தார்.

"தம்பி தனபால், உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் மாவு மில். என் அப்பாவும் பேசியதில்லை. உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நாள் கரண்ட் போகும்போது உன் அப்பாவிடம் போய், உங்களுக்குப் பதினேழு வயதில் என்ன ஆசை இருந்தது என்று கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது. தறியில் நாடா மாற்றும்போது விரலைப் பார்த்துக்கொள். அன்புடன், இளமுகிலன்."

"அடுத்தது?"

"'கேட்டாயா?' அவ்வளவுதான்ணே எழுதியிருக்கு. அதுக்கடுத்த வருசம் படம் பத்தி."

பதினேழு வயசில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். வால்பாறை மலை ரோட்டில் பஸ் ஓட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிற டிரைவரை, மாமன் வீட்டுக்குப் போனபோது ஒரே ஒரு தடவை பார்த்தார். அதைப் பழனாத்தாளிடம்கூடச் சொன்னதில்லை. அதை மெட்ராஸ்காரன் எதற்குக் கேட்கிறான்?

"இவனுக்கு என்ன வேணும் பாய்?"

"என்னண்ணே?"

"எங்கியோ இருக்கறவன் என்ற ஊட்டு நாயத்த எதுக்குக் கேக்கறான்? காசு கேட்டானா? ஓட்டுக் கேட்டானா? ஒண்ணுமே கேக்காமப் பதினோரு வருசம் ஒருத்தன் கடுதாசி போடுவானா? என்னமோ இருக்குது."

"இருக்குதோ இல்லையோ, ஆளு போயிட்டாருண்ணே," என்றார் குத்தூஸ்.

மைக்கில் இல்யாஸ் பேச ஆரம்பித்து, பாதியில் முடியாமல் நின்றான். அந்த இடைவெளியில் செங்கோடன் மஞ்சள் பையைத் திறந்தார். வேட்டியை உதறினார். புதுத்துணியின் சத்தம் கேட்டு முன்னால் நின்றவர்கள் வழி விட்டார்கள். படத்தின் தோள்மேல் வேட்டியைப் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். துணி போடத் தெரிந்த கை. துண்டை மேலே போட்டார். செத்தவன் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்தது உனக்கு, போ என்று மனசுக்குள் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு விசும்பல் எழுந்து பரவியது. "தனபாலண்ணனோட அப்பாங்க... கோடி போடறாருங்க... பெரியவங்க பேசட்டுங்க..." யாரோ மைக்கை அவர் வாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தனபால் ஓடிவந்தான். "அப்பா, வேண்டாமுங்கப்பா..."

செங்கோடன் மைக்கைப் பிடித்தார். தறிக்குடோனில் பேசிப் பழகிய குரல். தெருக்கோடிவரை கேட்டது.

"இது எனக்கு வந்த கோடி. நான் செத்துட்டன்னு நெனச்சு ஒறம்பரைச் சனங்க கொண்டாந்தாங்க. திருப்பிக் கொண்டுபோகக்கூடாது, அதனால இவருக்குப் போட்டுட்டேன். மத்தபடி இவர எனக்குத் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தாளு உங்களுக்கெல்லாம் எதுக்குக் கடுதாசி போட்டாரு? என்ன வேணும்னு போட்டாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

தார்ப்பாயில் தூறல் விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் ஒருத்தன் "அதானுங்க! அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்!" என்று ஓவென்று அழுதான். அவனைத் தொட்டு இன்னும் நாலு பேர். கைக்குழந்தைக்காரி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். செங்கோடன் காலை இழுத்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லத் துப்பில்லாமல் அழுகிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

வேன் ஹார்ன் அடித்தது. லட்சுமணசாமி ரோட்டின் அந்தப் பக்கமிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"மச்சான்! நாளைக்கு வாராங்க. ஒரு தடங்கலும் இல்லீங்க!"

"என்னான்னு சொன்னே?"

"நடந்ததத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணோட அப்பா எந்திரிச்சு என்ற கையப் புடிச்சுக்கிட்டாருங்க. அவங்கூட்டுலயும் அதே கதைதானுங்க! அந்தப் பொண்ணு புதங்கெழமையில இருந்து சோறே உங்கலையாமா. இந்த டைரக்டரு போட்டாவ வெச்சுக்கிட்டு அழுதுட்டே இருக்குதாமா. மாப்பிள்ளையும் மொட்டை போட்டிருக்கறாருன்னு கேட்டவொடனே எந்திரிச்சு ரண்டு இட்டிலி தின்னுச்சுங்க. மீசை என்னுங்க மீசை, மொளைச்சுக்கும்னு சொல்லிப்போட்டாரு."

தனபால் தலையைக் குனிந்துகொண்டான். வெளுத்த மேலுதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. செங்கோடன் அதைப் பார்த்துவிட்டார்.

"அப்ப ரண்டு பேருக்கும் முன்னாலயே பழக்கமோ?"

"மச்சான்! பொண்ணு மொகத்த இவன் போட்டாவுலகூடச் சரியாப் பாக்கலீங்க."

"பாக்காதவளுக்கு இவன் மொட்டை போட்டா எதுக்கு இட்டிலி எறங்குது?"

லட்சுமணசாமி குத்தூஸைப் பார்த்தார். குத்தூஸ் வானத்தைப் பார்த்தார்.

"வேன்ல வாங்க மச்சான், ஊட்டுல எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

"எழவுக்கு வந்த வண்டில நான் ஏறமாட்டேன். பஸ்ஸு இருக்குது." மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தனபால் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனார்.

"டேய். சலூன்காரன் மறந்தாப்புலதான் எடுத்தானா?"

தனபால் கயிற்றை விட்டான். அப்புறம் "ஆமாங்க," என்றான்.

"நாளைக்கு நான் நெசமாலுமே போயிட்டா எதை எடுப்பே?"

அவன் கை தன்னால் மேலுதட்டுக்குப் போனது. "ஒண்ணரை மாசத்துல மொளைச்சிருமுங்க. அதுவரைக்குமாச்சும் இருங்கப்பா."

செங்கோடன் அவன் முகத்தையே பார்த்தார். பகடியா, நிஜமா என்று தெரியவில்லை. கண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் அது மூன்று நாளாகவே ஈரமாக இருக்கிற கண்.

"அந்தக் கார்டுல இருக்கறத நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையே."

"கேட்டனுங்கப்பா. ரண்டு தடவை கேட்டேன். உங்களுக்குக் காதுல உழுகலீங்க."

"கரண்டு போனப்ப எப்பிடிடா காதுல உழுகாமப் போகும்?"

"தெரியலீங்க. நீங்க நூலுத் தார் சுத்தப் போடான்னு சொன்னீங்க. நான் போயிட்டனுங்க."

கரண்ட் எத்தனையோ நாள் போயிருக்கிறது. எத்தனையோ தடவை தார் சுற்றப் போ என்று சொல்லியிருக்கிறார். இதில் எது அந்த நாள் என்று யார் கண்டது? இவன் சொன்னால் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

"நேரமே வந்து சேரு. வெடியால குடோனக் கூட்டி வுடோணும், ஆளு வாராங்க."

"சரிங்க."

தூறல் வலுத்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் மைக்கில் மறுபடியும் யாரோ பேச ஆரம்பித்தான், பேசமுடியாமல் நிறுத்தினான். செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முக்கில் நின்று எச்சிலைத் துப்பினார்.

ரண்டு தடவை கேட்டானாம். பொய்யாகத்தான் இருக்கும். அப்படியே கேட்டிருந்தாலும், கேட்கிறவன் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கவேண்டாமா?